ராசையா கடையின் நான்கு அலமாரிகள்

எங்கள் தெருவில் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. எல்லாரைப் பற்றியும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரியும். திருவொற்றியூரில் கடல் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது உப்புக் காற்றோடு வருகிற குணம்.

புழல் ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்துகிற பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைத்து நாற்பது பிள்ளைகளை மட்டும் எடுப்பார்கள். தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உள்ளே போகிற பிள்ளை வெளியே வரும்போது டாக்டராகத்தான் வரும் என்று பேச்சு. போன வருஷம் எங்கள் பக்கத்திலிருந்து போய் எழுதிய பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. கேள்வித்தாள் அவ்வளவு கடினம். கட்டைப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்த மேற்பார்வை வாத்தியார் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். சோடா தெளித்து எழுப்பியதும் "இது எந்த வருஷம்?" என்று கேட்டாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த சோடாவை விற்றவனை எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஐரீன் தன் பையன் ஜோபினை எழுத வைத்தாள். ஐரீன் எனக்குப் பக்கத்து வீடு. புருஷன் அருள்பிரகாசம் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குச் சங்கிலி மாட்டுகிற ஒப்பந்தக் கூலி. எண்ணூர் ஆலைப் பக்கத்துக் காற்று திரும்பினால் ஜோபினுக்கு மூச்சு இழுக்கும். பையன் எப்படியாவது இந்தக் காற்றையும் சங்கிலியையும் விட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் அவளுக்கு. வயசு வரம்பு இருப்பதால் இந்த ஒரு தடவைதான் எழுத முடியும்.

"அண்ணா நகர் பசங்கோ ரெண்டு வர்ஷமா இதுக்குன்னே கோச்சிங் போறானுங்கோ நைனா. போன வாட்டி எஸ்கலேட்டர் எவ்ளோ ஸ்பீடுல போவுதுன்னு கணக்கு கேட்டாங்களாம். நம்ம புள்ளைங்க எஸ்கலேட்டர எங்க பாத்துச்சுங்கோ? இதுல ஞாயம் இன்னா கீது?" என்று என் வாசலில் உட்கார்ந்து கேட்டாள்.

அவளோடு சில்வியாவும் வந்திருந்தாள். சில்வியாவின் பையன் பெனிட்டோவும் அதே தேர்வு எழுதுகிறான்.

"ஞாயம் கெடக்கட்டும்கா. பேப்பரு முன்னாடியே வெளிய வந்துடுது. நம்ம தெருவுக்கே வந்துடுச்சின்னு சொல்றாங்கோ" என்றாள் சில்வியா.

"யார் வூட்டுக்கு?"

சில்வியா வாயால் சொல்லவில்லை. தாடையால் எதிர்ச் சாரியில் இருந்த ராசையா கடையைக் காட்டினாள்.

ராசையா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மளிகைக் கடை முன்னால், வீடு பின்னால். அவருடைய மகள் ஜெஸ்லினும் தேர்வு எழுதுகிறாள். அதைவிட முக்கியம், அந்தப் பள்ளிக்கூட விடுதிச் சமையலுக்கு அரிசி பருப்பு போடுவது ராசையாதான். வாரத்துக்கு ஒரு நடை அவர் லோடு ஆட்டோ நிறைந்து போகும், காலிச் சாக்குகளோடு திரும்பி வரும்.

"காலிச் சாக்குன்னு அவரு சொல்றாரு" என்றாள் சில்வியா.

கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று நான் துறைமுகக் கதை ஒன்றைச் சொன்னேன். நான் அங்கே சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிய காலத்தில் ஒரு டீக்கடைக்காரன் "ரெண்டு டீ, ஒரு வடை" என்று கத்துவான். ரெண்டாம் கேட்டில் ஆபீசர் இல்லை, ஒண்ணாம் கேட்டில் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். இப்படியே கத்திக் கத்தி ஒரு யானையை வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

"யான எதுக்கு நைனா?" என்றாள் சில்வியா.

"அத எங்கிட்ட சொல்லல."

ஐரீன் சிரிக்கவில்லை. எதிர்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த ராசையா உள்பக்கம் திரும்பி "மூணு" என்று குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் "ஒண்ணு" என்றார்.

"நைனா, அந்தாளு இன்னா நம்பர் சொல்லிகினு கீறாரு?"

நான் உள்ளதைச் சொன்னேன். கடைக்குப் பின்னால் நான்கு அலமாரிகள் இருக்கின்றன. ஒன்றில் பருப்பு, இரண்டில் சோப்பு, மூன்றில் மசாலா, நான்கில் எண்ணெய். எடுத்துக் கொடுப்பது அவர் சம்சாரம் ஞானபாக்கியம். சரக்கின் பேரைச் சொல்லிக் கத்தினால் எது நன்றாக ஓடுகிறது என்று பக்கத்துக் கடைக்காரன் தெரிந்துகொள்வானே என்று ராசையாவுக்கு ஒரு பயம். அதனால் அலமாரி நம்பரை மட்டும்தான் சொல்வார். எது வேண்டும் என்பதை விரலால் காட்டுவார்.

ஐரீன் சில்வியாவைக் கேட்டாள். "பரிச்சையில ஒரு கேள்விக்கு எத்தினி பதிலு குடுப்பாங்கோ?"

"நாலு."

"அலமாரி எத்தினி?"

மூவரும் எதிர்க் கடையைப் பார்த்தோம். யோசித்துப் பார்த்தால் பொருத்தம் எனக்கே பிடித்துத்தான் இருந்தது.

"போன்ல அனுப்புனா மாட்டிக்குவான். பேப்பர்ல எழுதுனாலும் மாட்டிக்குவான். வாயால சொன்னா எவன் கேக்கப்போறான்? அந்தப் பொண்ணு பின்னால வூட்ல உக்காந்து மனப்பாடம் பண்ணிகினு கீது" என்றாள் ஐரீன்.

"நைனா, யான மேட்டரு மெய்தானே?" என்றாள் சில்வியா.

"மெய்யாலுமே" என்றேன். யானையைப் பற்றித்தான் கேட்டாள், யானையைப் பற்றித்தான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து ராசையா கடையில் கூட்டம். சும்மா நின்றால் சந்தேகம் வருமே, அதனால் ஏதாவது வாங்கிக்கொண்டே நின்றார்கள். ஐரீன் நூறு கிராம் பருப்பு கேட்பாள். ராசையா "ஒண்ணு" என்பார். ஐரீன் மனசுக்குள் முதல் கேள்விக்கு ஒன்று என்று குறித்துக்கொள்வாள். சில்வியா வீட்டில் சாமான் எல்லாம் இருந்தது. சோப்பு கெட்டுப்போகாது என்று அவள் சோப்பாகவே வாங்கினாள். வரிசையாக ரெண்டு, ரெண்டு, ரெண்டு. விஷயம் கசிந்து, பிள்ளையை எழுத வைத்திருந்த மற்றவர்களும் வந்து நின்றார்கள். பருப்பு வாங்கினால் ஒன்று, எண்ணெய் வாங்கினால் நாலு. தங்கள் பிள்ளைகளின் விடைகளைத் தங்கள் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த மாதம் எங்கள் தெருச் சாக்கடையில் சோப்பு நுரை முழங்கால் உயரம் போயிற்று. எண்ணூரிலிருந்து வழிதவறி வந்த எருமை ஒன்று அதில் விழுந்து எழுந்து வெள்ளைப் பசுவாகத் திரும்பிப் போனது.

ராசையாவுக்குச் சந்தோஷமும் தாங்கவில்லை, சந்தேகமும் தாங்கவில்லை.

"என்னக்கா, நேத்துதான பத்து சோப்பு வாங்குனீங்க? வீட்டுல கல்யாணமா?"

"ஏன், குளிக்கக் கூடாதா?" என்றாள் சில்வியா.

பின்னாலிருந்து ஞானபாக்கியத்தின் குரல் கேட்டது. "என்னங்க, எனக்கு ரெண்டு கைதான இருக்கு? ஆளு வந்துக்கிட்டே இருந்தா நான் எத எடுக்க?"

"ஏட்டி ஜெஸ்லின், பொஸ்தகத்த வச்சிட்டு வா. அம்மைக்கு ஒத்தாச பண்ணு."

"நான் படிக்கணும்ப்பா."

"வாடிக்கை போயிரும்ட்டி. பெறவு படி."

அந்தப் பெண் புத்தகத்தை அரிசி மூட்டை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தது. ஐரீன் சில்வியாவை முழங்கையால் இடித்தாள்.

"பாத்தியா? படிக்கவே இல்ல. அல்லாம் ரெடியா கைல கீது, அப்புறம் இன்னாத்துக்குப் படிக்கணும்?"

தேர்வுக்கு முந்தின நாள் நூறு கேள்விக்கும் நூறு நம்பர் சேர்ந்துவிட்டது; ஐரீன்தான் அதை வரிசைப்படுத்திச் சில்வியாவுக்கும் கொடுத்தாள். ஐரீன் ஜோபினை முன்னால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். காதைப் பொத்தினாலும் கேட்கும்.

"மா, இது அலமாரி நம்பருமா."

"அலமாரி நம்பர்னு அந்தாளு சொல்றாரு."

"நைனாவும் அத்தத்தான் சொன்னாரு."

"நைனா சொல்றத நம்பினா, தொறமுகத்துல யான டீ குடிக்குது. நீ சொல்லு. ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு..."

"எனுக்கே பதில் தெரியும்மா. நான் அல்லாத்தையும் படிச்சிக்கீறேன்."

அவள் குரல் மாறியது. "உங்கப்பன் படிக்காதவனாடா? அவனும் படிச்சான். படிச்சவன்லாம் உள்ள போவுறானா? வழி தெரிஞ்சவன் போவுறான். அந்தோணியார் மேல சத்தியம் பண்ணு, நம்பர மாத்த மாட்டேன்னு."

அவன் சத்தியம் பண்ணினது எனக்குக் கேட்கவில்லை. பண்ணாததும் கேட்கவில்லை.

தேர்வு நாளில் துணைக்கு நானும் புழலுக்குப் போனேன். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே அண்ணா நகர் பெற்றோர் கார்களுக்குள் உட்கார்ந்து எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். வேப்ப மரத்தடியில் நின்று நாங்கள் அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தோம். ராசையா மட்டும் விடுதிச் சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். போன வாரம் போட்ட அரிசியில் கல் என்று சமையல்காரர் சண்டை பிடித்தார்.

"நடிக்கிறானுங்கோ" என்றாள் சில்வியா.

முதலில் வெளியே வந்தவன் பெனிட்டோ. கேள்வித்தாளைப் படிக்கவேண்டிய அவசியம் இல்லாததால் சீக்கிரம் முடித்துவிட்டான். ஜோபின் கடைசி மணி அடித்த பிறகுதான் வந்தான்.

"மாத்தாம போட்டியா?" என்றாள் ஐரீன்.

"பசிக்குதுமா" என்றான் அவன்.

பட்டியல் வந்தது. எங்கள் தெருவில் ஒரே பெயர், ஜோபின். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால் பெனிட்டோ பூஜ்யத்துக்குக் கீழே வெகுதூரம் போயிருந்தான். அதை எழுதக் கட்டம் போதாமல் பள்ளிக்கூடத்தில் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் ஒட்டினார்கள் என்று கேள்வி. ஜெஸ்லினுக்குக் கொஞ்சத்தில் போய்விட்டது. நிறைய பாடத்தை அவள் பார்க்கவே இல்லை என்று ஞானபாக்கியம் அழுதாள். தேர்வுக்கு முந்தின மாசம் முழுக்க அந்தப் பெண் சோப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

தெருவில் இதைப் பற்றி ஒரு தெளிவு இருந்தது.

"சந்தேகம் வரக்கூடாதுன்னு சொந்தப் பொண்ணையே ஃபெயிலாக்கிட்டான் பாரு. இன்னா தலடா சாமி" என்றாள் சில்வியா. பிறகு ஐரீனிடம் திரும்பினாள். "நீ மட்டும் இன்னாவாம்? எனுக்கு நம்பர மாத்திக் குடுத்துட்டு உம்புள்ளைக்கு ஒரிஜினல் குடுத்துட்ட."

"உம்புள்ள மறந்துட்டா நான் இன்னா பண்றது?"

"ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு நானே கேட்டேன்."

"நீதான் சோப்பா வாங்குன" என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கணம் விஷயம் பிடிபட்டுவிடுமோ என்று இருந்தது. பிடிபடவில்லை. சில்வியா அன்றோடு ஐரீனிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஜோபின் மட்டும் உண்மையைச் சொல்லாமல் விடவில்லை. விடுதிக்குக் கிளம்புகிற காலையில் டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு எங்கள் எதிரிலேயே சொன்னான்.

"மா, உன் நம்பர் ஒண்ணு கூட நான் போடல. அல்லாம் நானே யோசிச்சிப் போட்டேன்."

ஐரீன் பதறி அவன் வாயைப் பொத்தினாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "சரிடா, சரி. கேக்கறவங்ககிட்ட அப்டியே சொல்லு. இதே மாரி சொல்லு. நல்லா சொல்ற."

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சு இழுப்பு என்று நினைத்து அவள் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளிடம் அவன் பேசவில்லை என்று அருள்பிரகாசம் பிறகு என்னிடம் சொன்னான்.

அன்று சாயங்காலமே ஐரீன் ஒரு டப்பாவில் கேக் வைத்து ராசையாவிடம் கொடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்டார். "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவள் பக்கத்துக் கடைக்கு மாறிவிட்டாள், அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் கேக் கொடுக்கிறாள் என்று ராசையா முடிவு கட்டி, அன்றிலிருந்து அவளுக்கு எடை கொஞ்சம் தாராளமாகவே போடுகிறார். அதுவும் அவளுக்கு ஒரு சாட்சியாகிவிட்டது.

முதல் பருவத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஜோபின் வகுப்பில் முதல். ஐரீன் செருப்புகூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் சேதியைச் சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நைனா, அங்க எவன் கட வச்சிக்கீறான்?"

நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பையனின் முகம் ஞாபகம் வந்தது.

"ஒருத்தனும் வைக்கல ஐரீன். உம்புள்ள படிக்கிறான். அன்னிக்கும் அவனேதான் எழுதினான். அலமாரின்னா வெறும் அலமாரிதான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அந்த யானைக்குக்கூடச் சிரிக்காதவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வயசாச்சி, பல்லு பூடுச்சி. கத உட்றது மட்டும் கொறையல பாரு உனுக்கு."

எதிர்க் கடையில் ராசையா "நாலு" என்றார். ஐரீன் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் காதைத் திருப்பினாள்.