கையில் ரெண்டு ஏஸ்

நான் அடித்து இதுவரை உதிர்ந்த பற்கள் ஏழு. அதில் மூன்று என் மச்சான் கந்தனுடையவை. தென்னேரியில் ஒரு கல்யாணப் பந்தி. கந்தன் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தான், என் இலையைத் தாண்டிப் பக்கத்து இலைக்குப் போனான். மறந்து போனான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வாளியைப் பிடுங்கி அதைக் கொண்டே அவன் வாயில் போட்டேன். இன்றைக்கும் அவன் ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறான்.

அன்று சாயந்திரமே தீபிகா சொல்லிவிட்டாள். தீபிகா என் பெண்டாட்டி. கந்தன் அவளுக்கு ஒரே தம்பி.

"மாமா, இதான் கடைசி. இனிமே உன் கை ஒருத்தன் மேல பட்டுச்சுன்னா நானும் துளசியும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவோம். காலுல வுழுந்தாலும் வரமாட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். எங்கள் மகள் துளசி மூன்றாவது படிக்கிறாள். அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை என்னை அறுத்தது. ஏழு மாதம் யாரையும் தொடவில்லை. ஒருமுறை ஓரிக்கை ரோட்டில் என் தண்ணி லாரியை ஒருவன் பைக்கில் குறுக்கே மறித்துக் கெட்ட வார்த்தை சொன்னான். இறங்கவில்லை. என் முன்கையையே கடித்துக்கொண்டேன். பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

தீபிகா பட்டுக்கடையில் பில் போடுகிறவள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் போக்கர் ஆடுவாள். நன்றாகவே ஆடுவாள். பணம் வைத்து ஆடும் ஆப்புகளை அரசாங்கம் ஒரே வாரத்தில் மூடியபோது, அவள் அதில் ஜெயித்து எடுத்த இருபதாயிரம் கையில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் வாலாஜாபாத்தில் கண்ணாயிரம் தன் ரைஸ்மில்லில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதே ஆட்டத்தை ஆரம்பித்தார். தீபிகா போய்க் கேட்டாள். "பொம்பளைங்க வந்தா மத்தவங்க ஃப்ரீயா இருக்க முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"இந்தப் பணத்த எடுத்துக்கினு நீ போ மாமா" என்றாள். "நான் சொல்லித் தரேன். இந்த ஆட்டத்துக்குப் பொறுமதான் வேணும். உனக்கும் அதான் வேணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழு மாதத்தில் அவள் என்னை நம்பி ஒரு காரியம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் இதுதான்: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைத்துத் தருவார்கள். அதைப் பார்த்துப் பணம் கட்டலாம், ஏற்றலாம், கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். பிறகு நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு திறப்பார்கள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு முறை திறந்ததும் மறுபடி பந்தயம். எல்லாம் சேர்த்து ஏழில் சிறந்த ஐந்து யாருக்கோ அவன் அள்ளலாம். எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம். அது எனக்குப் பிடித்தது.

"ரெண்டு ஏஸ், ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, இல்ல ஏஸும் ராஜாவும். இது வந்தாதான் ஆடணும். மத்தது வந்தா கவுத்துட்டு டீ குடி" என்றாள் தீபிகா.

"அப்போ நாள் முழுக்க டீதான் குடிக்கணும்."

"குடி. தெருவுல நாலு பேரு உன்ன எதுக்க வந்தா இன்னா பண்ணுவ?"

"ஒருத்தன மட்டும் சந்துக்குள்ள இழுத்து மூஞ்சியிலயே போடுவேன். மத்தவன் ஓடிடுவான்."

"அதேதான் மாமா! நல்ல கை வந்தா பம்மிக்கினு இருக்காத. பெருசா ஏத்து. மூணு பேரு பயந்து எறங்கிடுவான், ஒருத்தன் நிப்பான். ஒருத்தனோட மோதினா ரெண்டு ஏஸு அஞ்சுல நாலு தடவ ஜெயிக்கும். நாலு பேரையும் உள்ள வுட்டா பாதி தடவதான்."

"அந்த அஞ்சாவது தடவ?"

"தோப்ப. சட்டைய ஒதறிக்கினு வீட்டுக்கு வந்துடு. நல்லா ஆடியும் தோக்கறது இதுல உண்டு. அதத் தாங்க முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

தாங்குவேன் என்றேன். கடைசியில் எந்தக் கை பெரிசு எது சின்னது என்று தெரியுமா என்று கேட்டாள். "பன்னெண்டு வயசுலேர்ந்து மூணு சீட்டு ஆடறவன்டி நான்" என்று முறைத்தேன். விட்டுவிட்டாள். நான் முறைத்தால் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மில் பூட்டியிருந்தது. பின்பக்கக் கதவு வழியாகப் போனேன். உள்ளே தவிட்டு நாற்றமும் புழுக்கமும். மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு மேடையின் மேல் ஒரு பிளைவுட் பலகை போட்டு அதுதான் மேசை. சுற்றி நெல் மூட்டைகள், உட்கார. பணத்தை வாங்கிக்கொண்டு அதற்கு டோக்கன் தந்தார்கள். கண்ணாயிரம், பட்டுக்கடை சிட்டிபாபு, ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்யும் பிரேம்நாத், நான். பிரேம்நாத்துக்கு இருபத்தாறு வயதிருக்கும். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். அவனும் ஆப்பில் கற்றவன்தான், இங்கே அன்றுதான் முதல் நாள். பயந்தால் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பு வந்த கணத்திலிருந்து எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மணி நேரம் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். ஏழும் மூன்றும், ஒன்பதும் இரண்டும், குப்பையாக வந்தது.

"இன்னா வேலு, ஆட வந்தியா, மூட்டைக்குக் காவலா வந்தியா?" என்றார் கண்ணாயிரம்.

"வீட்டுல பர்மிசன் வாங்கிக்கினு வந்துதான் சீட்டத் தொடுவாரு" என்றான் சிட்டிபாபு. பிரேம்நாத் சிரித்தான். என் காது சூடானது. சிட்டிபாபுவின் மூக்குத் தண்டு எந்தப் பக்கம் வளையும் என்று கணக்குப் போட்டேன். பிறகு துளசியை நினைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு வந்தது. முனையைத் தூக்கிப் பார்த்தேன். ஆர்ட்டின் ஏஸ். அடுத்தது இஸ்பேட் ஏஸ்.  எனக்கு முன்னால் மூன்று பேரும் இருநூறு கட்டி உள்ளே வந்துவிட்டார்கள். நான் பம்மவில்லை. மூவாயிரம் என்றேன்.

கண்ணாயிரம் காறித் துப்பிவிட்டுக் கவிழ்த்தார். சிட்டிபாபு "தேவுடா!" என்று எறிந்தான். பிரேம்நாத் கண்ணாடியைத் துடைத்தான், யோசித்தான், கட்டினான். சந்துக்குள் ஒருவனை இழுத்தாகிவிட்டது. தீபிகா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

நடுவில் மூன்று சீட்டு: ஆர்ட்டின் ஒன்பது, ஆர்ட்டின் எட்டு, கிளாவர் ரெண்டு. ஐந்தாயிரம் என்றேன். கட்டினான். நான்காவது ஆர்ட்டின் ராணி. மிச்சம் இருந்த பன்னிரண்டாயிரத்தையும் இரண்டு கையால் முன்னே தள்ளினேன். அவனும் உடனே தள்ளினான், இந்தத் தடவை யோசிக்காமல். அப்போதே எனக்குக் குறுகுறுத்தது. கடைசிச் சீட்டு ஆர்ட்டின் நாலு.

பிரேம்நாத் காட்டினான். கிளாவர் ஜாக்கி, கிளாவர் பத்து. எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ஒரே வரிசை. நான் இரண்டு ஏஸையும் அறைந்து போட்டேன். கண்ணாயிரம் குனிந்து விரலால் எண்ணினார்.

"வேலுக்கு ஆர்ட்டின்லயே அஞ்சு, கலர். புள்ளைக்கு வரிசை. வரிசதான் பெருசு. போச்சு வேலு!"

மூணு சீட்டில் அப்படித்தான். ஒரே இனத்துச் சீட்டாக வருவது கலர், அதை அடுத்தடுத்து வரும் வரிசை அடிக்கும். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த மேசையில் அதுவரை இரண்டும் மோதியதில்லை. கண்ணாயிரத்துக்கோ சிட்டிபாபுவுக்கோ சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். அஞ்சாவது தடவை என்று சொல்லிக்கொண்டேன். எழுந்து நின்றேன். சட்டையைக்கூட உதறினேன். கதவு பத்து அடியில் இருந்தது.

அப்போது பிரேம்நாத் சிரித்தான். "அண்ணா, இருங்கண்ணா" என்று இரண்டு கையையும் நீட்டி டோக்கன் குவியலை அணைத்தான்.

பத்து அடி நடக்க என்னால் முடியவில்லை. அவன் தலைமுடியை ஒரு கொத்தாகப் பிடித்து முகத்தைப் பலகையில் மோதினேன். பலகை நழுவி விழுந்தது. அடியில் இருந்த இரும்பில் இரண்டாவது முறை மோதினேன். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. மூன்றாவது முறையும் மோதினேன். அதுவே போதும் என்று தெரியும், ஆனாலும் அவனைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தேன். ஏழு மாதமாகக் கடித்து வைத்திருந்தது எல்லாம் அந்தக் காலில் இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. கண்ணாயிரமும் சிட்டிபாபுவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தொங்கினார்கள். சிட்டிபாபுவின் உதட்டில் என் முழங்கை பட்டுக் கிழிந்தது.

பிரேம்நாத் தவிட்டில் குப்புறக் கிடந்தான். திரும்பியபோது இடது கண் இருந்த இடத்தில் ரத்தமும் கண்ணாடித் துண்டும்தான் தெரிந்தன. சத்தமே வராமல் உதடு அசைந்தது. கண்ணாயிரம் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"இன்னா சொல்றான்?" என்றேன்.

அவனே மறுபடி சொன்னான். "கலர்தாண்ணா பெருசு... இந்த ஆட்டத்துல... உங்களுக்குத்தாண்ணா தள்ளிக்கினு இருந்தேன்."

சிட்டிபாபு போனை எடுத்துத் தேடினான். அவன் உதட்டு ரத்தம் திரையில் சொட்டியது, துடைத்துத் துடைத்துப் படித்தான். பிறகு திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தான். "பாரு. நீதான் ஜெயிச்ச. பாருய்யா மிருகமே!"

டோக்கன்களைப் பார்த்தேன். பலகையோடு சரிந்து அத்தனையும் நான் உட்கார்ந்திருந்த மூட்டைப் பக்கம் கிடந்தன.

அவனைத் தூக்கி என் லாரியில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவன் அம்மாவைக் கூப்பிட்டான். டாக்டர் பார்த்துவிட்டு, கண் தேறாது, உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அவன் அம்மா சம்பூர்ணம் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை யாரென்று தெரியாமல், "நீதான் கொண்டாந்து சேத்தியாப்பா? நல்லா இருப்ப" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

தீபிகா வந்தாள். கண்ணாயிரம் சொல்லியிருக்கிறார். துளசியைப் பக்கத்து வீட்டு மரியம்மாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னிடம் வந்து நின்றாள்.

"தெரியாம பண்ணிட்டேன் தீபி" என்றேன். "அவன் ஜெயிச்சுட்டான்னு நெனச்சேன். நான்தான் ஜெயிச்சேன்னு தெரிஞ்சிருந்தா அவன் மேல கையே வச்சிருக்க மாட்டேன். சத்தியமா."

அவள் என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"சரி மாமா. அவன் நெஜமாவே ஜெயிச்சிருந்தா?"

ரத்தம் பட்ட சட்டை முனையை உள்ளே மடித்துச் செருகினேன்.   அவள் உண்மையிலேயே ஒரு பதிலுக்காகக் காத்திருந்தாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிறகு திரும்பிப் போய் சம்பூர்ணத்தைக் கைத்தாங்கலாக எழுப்பி, ஆம்புலன்சில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

போலீஸ் மில்லுக்கு வந்துவிட்டது, அடுத்து ஆஸ்பத்திரிக்குத்தான் வரும் என்று சிட்டிபாபு போனில் கத்தினான். அவர்கள் வருவதற்குள் துளசியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு ஓட்டினேன். மரியம்மாள் வீட்டுக் கம்பிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகத் துளசியின் சிவப்புச் செருப்பு தெரிந்தது.

"அக்கா, கதவைத் தொறங்க. புள்ளயப் பாத்துட்டுப் போயிடறேன்."

மரியம்மாள் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"துளசிதான் பூட்டச் சொல்லுச்சுப்பா" என்றாள்.