ஜெயந்திரன் குடிக்காத டீ

மகள் நிரஞ்சனி சீனப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று தெரிந்ததும் ஜெயந்திரன் இரண்டு ஆண்டுகள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் ஆண்டு டீயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார்.

அரசாங்கத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்வது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். சீன நாகரிகம் முழுவதையும் கரைத்துக் குடிப்பது அதைவிடச் சுலபம். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு அலமாரிகளில் சீனத் தேயிலை டப்பாக்கள் ஏறின. பாலும் சீனியும் போட்டு ஆற்றிய தே தாரிக்கை எதிர்பார்த்து வந்தவர்களுக்குப் பாடம் கிடைத்தது.

"இது லுங்சிங், பச்சைத் தேயிலை. கொதிக்கிற தண்ணிய ஊத்தினா கசந்துபோயிடும், கொஞ்சம் ஆற விடணும். இது தியே குவான் யின், ஊலோங் வகை. பூ வாசம் வரும். மொதத் தண்ணிய ஊத்திக் கழுவிடணும். இது பூ அர். மழை பெஞ்ச மண்ணு வாசம். வயசாக வயசாக மதிப்பு ஏறும்."

"அப்ப எனக்கும் ஏறியிருக்கணுமே," என்றாள் மனைவி கனகேஸ்வரி.

"இதுல சீனி போடுறவன் காட்டுமிராண்டி," என்று பாடத்தை முடிப்பார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நிரஞ்சனி வந்தாள்.

"அப்பா, கிள்ளான்ல வெய் ஜியே வீட்ல டீ செரமனி. ரெண்டு குடும்பத்துக்கும் ஒண்ணாவே. நாங்க முட்டி போட்டு டீ குடுப்போம், நீங்க குடிக்கணும். குடிச்சாத்தான் அவன மருமகனா ஏத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம். அப்பான்னு கூப்பிட்டுத்தான் குடுப்பான், நீங்க குடிச்சாத்தான் அப்புறமும் அப்படியே கூப்பிடலாம்."

"டீயப் பத்தி எனக்கே சொல்லித்தர்றியா?"

"சும்மா குடிங்கப்பா. அவ்ளோதான் லா."

கிள்ளான் வீட்டு ஹாலில் சிவப்பு மெத்தை போட்டிருந்தார்கள். வெய் ஜியே மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் கோப்பையை நீட்டினான். ஒரு மாதமாகக் காரில் சொல்லிப் பார்த்த தமிழ் பிசிறில்லாமல் வந்தது.

"அப்பா, டீ குடிங்க."

ஜெயந்திரன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது. உள்ளே சிவப்புப் பேரீச்சை, லோங்கான் பழம், சீனி. வாழ்க்கை இனிக்கட்டும் என்று அன்றைய டீயில் இனிப்புப் போடுவது அவர்கள் வழக்கம். அது எந்த டப்பாவிலும் அச்சிட்டிருக்கவில்லை.

"சீனியா போட்டிருக்கீங்க?" பையனின் அம்மாவிடம், பிழையான ஃபைலைத் திருப்பி அனுப்பும் குரலில் கேட்டார்.

"ஸ்வீட் லா, நல்லதுக்கு," என்று அந்த அம்மாள் சிரித்தார்.

அவர் கோப்பையைத் தட்டில் திரும்ப வைத்தார். "ஒரு நிமிஷம். என் பையில நல்ல பழைய பூ அர் இருக்கு."

"அப்பா, மொதல்ல இதக் குடிங்க," என்றாள் மண்டியிட்டிருந்த நிரஞ்சனி. தட்டை மறுபடி அவர் பக்கம் நீட்டினாள்.

"இரும்மா. செய்யறத ஒழுங்கா செய்யணும்."

பையிலிருந்து மண் ஜாடி வந்தது, மின்கெண்டி வந்தது, தண்ணீரின் சூட்டை அளக்கும் கருவிகூட வந்தது. கூடவே பிரசங்கமும் வந்தது. கனகேஸ்வரி தன் கோப்பையைப் பேரீச்சையோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவர் முழங்கையை இடித்தாள்.

"குடிச்சுத் தொலைங்களேன்!"

"உனக்கு இனிப்பா இருந்தாப் போதும்."

மின்கெண்டி இரைந்தது. சடங்கை நடத்த வந்த பெண்மணி கூரையைப் பார்த்தார். பையனின் அம்மா குனிந்து, நிறைந்திருந்த கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்து ஒதுக்கி வைத்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. நிரஞ்சனி எழுந்தாள். அப்பாவைப் பார்க்காமல் அடுத்த பெரியவர் முன் போய் மண்டியிட்டாள்.

பிறகு எல்லாரும் ஜெயந்திரனின் பூ அர் டீயைக் குடித்தார்கள். உண்மையிலேயே அருமையாக இருந்தது.

"வெரி குட் டீ, அங்கிள்," என்றான் வெய் ஜியே.

"சீனனுக்கே டீ சொல்லிக்குடுத்துட்டு வந்தேன்," என்று பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். வெய் ஜியே நேராக அடுப்படிக்குப் போனான். "அம்மா, முறுக்கு இன்னும் இருக்கா?" திரும்பி வந்து, டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவரிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டான். "அங்கிள், நல்லா இருக்கீங்களா?" நிரஞ்சனி திருத்தவில்லை. அவர் ஊற்றிக் கொடுத்ததை இருவரும் குடித்தார்கள், பாராட்டினார்கள், இருட்டுவதற்குள் கிளம்பினார்கள்.

கார் போன பிறகு ஜெயந்திரன் கேட்டார். "உன்ன அம்மாங்கிறான். என்ன மட்டும் ஏன் இன்னும் அங்கிள்ங்கிறான்?"

கனகேஸ்வரி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நீங்கதான் குடிக்கலியே."

"அதுல சீனி போட்டிருந்துச்சு," என்றார்.