பக்கமா ஒரு இடம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கோத்திருந்த நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே கொழுந்தன் ரங்கநாதன் பேசுவது அம்புஜத்தின் காதில் விழுந்தது. செல்போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"பால் தெளிக்கறது முடியட்டும், மஞ்சுநாத். மறுநாளே ஜேசிபி கொண்டாந்துடு. எல்லாம் நாலு வருஷத்து மரம்தான், மத்தியானத்துக்குள்ள தரையாக்கிடலாம். பிளாட் போடற லேஅவுட்காரன்கிட்ட சொல்லிடு."

கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. உள்ளே அவள் கணவர் அப்பாதுரை, மூக்கில் பஞ்சோடு, எதற்கும் சம்மதிப்பவர்போலப் படுத்திருந்தார்.

கொழுந்தன் பேசியது, ஊருக்கு வெளியே மாமனார் விட்டுப்போன ஆனேக்கல் நிலத்தைப் பற்றி. பத்திரம் ரங்கநாதன் பேரில். அண்ணன் இருந்தவரை அவன் எதிர்த்துப் பேசியதில்லை. அப்பாதுரை ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். நம் மண்ணின் மரங்கள் காற்றிலுள்ள புகையை இழுத்துத் தங்கள் உடம்பில் சேர்த்துவைக்கும் என்று மரம் நடும் சங்கத்துக்காரர்கள் சொன்னதும், "நான் விட்ட புகையை நானே திருப்பி வாங்கிக்கறேன்" என்று ராகி வயலில் நாவலும் புங்கனும் வேங்கையும் நட்டார். வெட்டி எரித்தால் அத்தனை புகையும் மறுபடி காற்றுக்கே போய்விடும் என்பார்.

சண்டை போட்டால் ரங்கநாதன் பத்திரத்தைக் காட்டுவான் என்ற பயம் அவளுக்கு. ஆனால் அவள் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரை விற்றவள். முதலில் எந்த விலையைச் சொல்ல வேண்டும் என்பது தெரியும்.

தெரு கூடியதும் வாய்விட்டு அழுதாள்.

"தம்பி, அவரை வந்தவாசிக்குக் கொண்டுபோயிடலாம். அவங்கம்மா பக்கத்துல பொதைக்கணும்னு சொன்னாரே!"

"ஐயோ அண்ணி, இந்த வெயில்ல வந்தவாசியா? இங்கயே கல்பள்ளி சுடுகாடு இருக்குதே."

"கடைசி வார்த்தையை இன்னிக்கே மீறணுமா?"

"அவ்ளோ தூரம் ஆவாது. பக்கமா ஒரு இடம் சொல்லுங்க, செய்யறேன்."

அவள் மூக்கைச் சிந்தினாள்.

"அப்ப நம்ம ஆனேக்கல் நிலத்துலயே வெச்சுடலாம்."

ரங்கநாதன் கூடியிருந்தவர்களைப் பார்த்தான். "அங்கயா... அது..."

"அந்தம்மா இவ்ளோ எறங்கி வந்துட்டாங்க. இன்னும் என்னடா யோசனை?" என்றார் பக்கத்து வீட்டுக் கோதண்டராமன்.

வண்டி கிளம்பும்போது, பொம்பளை வரக்கூடாது என்றார்கள். "எங்க நிலத்துக்கு நான் போறேன்" என்று ஏறிக்கொண்டாள்.

குழியை மூடும் நேரத்தில் தரகன் மஞ்சுநாத் பைக்கில் வந்தான். மரங்களுக்கு நடுவே மண்மேட்டைப் பார்த்தான். இன்ஜினை நிறுத்தவில்லை.

"சமாதி இருக்கற எடத்துல எவன் சார் வீடு கட்டுவான்?"

பைக் திரும்பிப் போனது. ரங்கநாதன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். அம்புஜம் நிமிரவில்லை. அவனைப் பற்றிய பயம் போய்விட்டிருந்தது. அதனிடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

அப்பாதுரை எந்தக் கடைசி வார்த்தையும் சொன்னதில்லை. பாம்பென்றால் அலறுகிற மனுஷன். பகலிலும் டார்ச்சோடுதான் நிலத்தில் நடப்பார். பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவார். ஒரு ராத்திரிகூட இங்கே தங்கியதில்லை.

நாவல் மரத்தடிச் சருகில் ஏதோ ஊர்ந்தது.

"இருட்டப்போவுது அண்ணி. வண்டிக்காரன் கத்தறான்."

அவள் தன் துணிப்பையிலிருந்து அவருடைய டார்ச்சை எடுத்து, பொத்தானைத் தள்ளி, மேட்டின் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள்.

"எரியுது பாருங்க. பேட்டரி வீணாப் போவும்."

"புதுசுதான் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டிக்கு நடந்தாள்.