காட்ட வேண்டிய பெயர்

மனைவி பிரியந்தினி இறந்து இருபத்தாறாம் நாள் காலையில்தான் மயூரதன் அவளுடைய வலைப்பூவை முதன்முதலாகத் திறந்தான். ஐந்து வருடமாக எழுதிவந்தாள். இவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது திறந்ததும் வாசிக்கவல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் அட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. அவள் சிரித்தபடி இருக்கிற படம் வலைப்பூவில் இருக்கிறதென்று மாமி சொல்லியிருந்தார்.

முகப்பில் சிரிப்பு இல்லை. ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுடர் இடப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது. அதன் கீழே 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று ஒரு நீளமான வரிசை. இன்னும் கீழே போனபோது அவளுடைய பதிவுகள் வந்தன.

'பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததை யூனிகோடாக மாற்றுவது எப்படி? எழுதியவர்: அமரர் பிரியந்தினி.'

'களவெடுக்காமல் படம் எடுக்க ஐந்து தளங்கள். எழுதியவர்: அமரர் பிரியந்தினி.'

வலைப்பூ எழுதத் தொடங்குகிறவர்களுக்காக அவள் எழுதியவை. எந்தச் செயலி நல்லது, எது ஏமாற்று, எந்த எழுத்துரு கைபேசியில் உடையாமல் தெரியும், தலைப்பை எப்படி வைப்பது. மொத்தம் எண்பத்து நான்கு. எண்பத்து நான்கிலும் அமரர். மறுமொழிகளையும் அது விட்டுவைக்கவில்லை. என்ன பெயரில் எழுதுவதென்று தெரியவில்லை அக்கா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்குக் கீழே:

'அமரர் பிரியந்தினி: உங்கடை பெயரிலையே எழுதுங்கோ. ஏன் பயம்?'

குருநகரிலிருந்து றொசாந்தி என்ற பெண், கடலில் எடுத்த படங்கள் பெரிதாக இருப்பதால் ஏறுகிறதில்லை என்று கேட்டிருந்தாள். கேட்ட திகதியைப் பார்த்தான். காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாள்.

'அமரர் பிரியந்தினி: இண்டைக்குக் கொஞ்சம் சுகமில்லை. நாளைக்குக் கட்டாயம் சொல்லுறன்.'

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. டெங்கு. திங்கட்கிழமை தொடங்கி சனிக்கிழமை முடிந்தது.

இருபத்தாறு நாளாக மயூரதனுக்கு ஒன்றும் வரவில்லை. அழுகை வரவில்லை. பசி வரவில்லை. பாடசாலைக்குப் போய் ஒன்பதாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு படிப்பித்துவிட்டு வந்தான். இப்போது ஒன்று வந்தது. நெஞ்சுக்குள் இருந்து காது வரைக்கும் சுட்டது. மடிக்கணினியை மூடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

முற்றத்தில் பிரியந்தினியின் தமையன் சுரேஸ் பந்தல்காரனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தான். செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்தவன், அந்தியேட்டி முடித்துப் போகவென்று உடுவிலிலேயே நின்றான்.

"மச்சான், அவளின்ரை பேருக்கு முன்னாலை அமரர் போட்டது ஆர்?"

"நான்தான். ஒரு இடத்திலைதான் மாத்தினனான், எல்லா இடமும் தன்பாட்டிலை மாறிட்டுது." சுரேஸ் போனை இறக்கினான். "வடிவாய் இருக்கென்ன?"

"எடுத்துவிடுங்கோ."

"எதை?"

"அமரரை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? நோட்டீசிலை அமரர் எண்டுதானே அடிச்சது? பேப்பரிலையும் அப்பிடித்தானே போட்டது? அங்கை நீர் வாய் திறக்கேல்லை."

"அது அவள் செத்ததைச் சொன்னது. இது அவள் எழுதினது."

"மயூரதன், கொஞ்சம் இரும். உது இன்னும் முடியேல்லை. முப்பத்தொண்டு கழிய, உந்தச் செயலி, எழுத்துரு எண்டு கிடக்கிற எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு அவளின்ரை சின்ன வயசுப் படங்கள், தேவாரம் எல்லாம் போடப்போறன். தங்கச்சிக்கு ஒரு நினைவாலயம் மாதிரி. இப்ப ஆர் மச்சான் உதுகளை வாசிக்கிறது? கேட்டால் கொம்பியூட்டரே எழுதித் தருது."

"கடவுச்சொல்லைத் தாங்கோ."

"அது என்ரை பேரிலை எடுத்த தளம். அவளின்ரை கலியாணத்துக்கு நான் குடுத்த பரிசு." சுரேஸ் போனைப் பைக்குள் வைத்தான். பிறகு கேட்டான். "கேக்கிறன் எண்டு கோவிக்காதையும். நீர் அதை ஒருநாளாவது வாசிச்சனீரோ?"

மயூரதன் திரும்பி உள்ளே வந்துவிட்டான். மகாலட்சுமி மாதிரி என் தங்கச்சி என்று செத்தவீட்டில் நிலத்தில் அடித்து அழுத மனிதன் கேட்ட கேள்வி. பதில் தெரிந்துதான் கேட்டான். அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவதென்று மயூரதனுக்குத் தெரியவில்லை. கதவை உதைத்தான். பெருவிரல் நகம் பிளந்தது.

அன்று பாடசாலைக்குப் போகவில்லை. முதலாம் பதிவிலிருந்து தொடங்கினான்.

அவள் எழுத்தில் தளுக்கு இல்லை. கறிக்கு உப்புப் போடச் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள். மூன்றாம் பதிவில் இப்படி இருந்தது: 'காட்ட வேண்டிய பெயர் என்று ஒரு பெட்டி வரும். அதில் நீங்கள் எழுதுவதுதான் எல்லாப் பதிவிலும் தெரியும். பிறகு மாற்றினால் பழையவையும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே யோசித்து எழுதுங்கள். அது உங்கள் பெயர்.'

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனான். ஐந்தாம் பதிவின் கீழே யாரோ, உங்கள் எழுத்தை வீட்டில் வாசிக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள்.

'அமரர் பிரியந்தினி: என்ரை மனுசன் கணக்கு வாத்தியார். பிழை இருந்தால்தான் வாசிப்பார். நான் பிழை விடுறேல்லை.' பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

எழுந்து கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். கழுவக் கண்ணீர் ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்தான்.

ஏழாம் பதிவு நகல் எடுப்பது பற்றியது. 'தளம் எங்கேயும் போகாது என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றிய கையோடு நான் நகல் எடுப்பேன். நீங்களும் மறக்காத ஒரு வேலையோடு இதைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். எடுத்ததை மூன்று இடத்தில் வையுங்கள்.'

அவளுடைய மடிக்கணினியில் 'வெள்ளி' என்று ஒரு கோப்புறை இருந்தது. ஐந்து வருட வெள்ளிக்கிழமைகள். கடைசிக் கோப்பு, காய்ச்சலுக்கு முந்திய வெள்ளி.

அடுத்த நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினான். அவளே வழி சொன்னாள். ஒன்பதாம் பதிவைப் பார்த்து இலவசமாக ஒரு புது முகவரி எடுத்தான். பதினைந்தைப் பார்த்து நகலை ஏற்றினான். இரண்டு முறை பிழை வந்தது. மூன்றாம் முறை பாதிவழியில் ஒரு பெட்டி திறந்து, இந்தப் பதிவுகளை யாருடைய பெயரில் சேர்ப்பது என்று கேட்டது. மயூரதன் தட்டச்சு செய்தான். பிரியந்தினி. முன்னால் ஒன்றும் போடவில்லை.

அனுதாபங்களை விட்டால், கடைசி வெள்ளிக்குப் பிறகு வந்த மறுமொழிகள் ஏழு. அவை நகலில் இல்லை. றொசாந்தியின் கேள்வியும், நாளைக்குச் சொல்லுறன் என்ற பதிலும் அந்த ஏழுக்குள்தான். பழைய தளத்தைப் பார்த்துப் பார்த்து அவன் கையாலேயே தட்டச்சு செய்தான்.

இருபத்தெட்டாம் நாள் சுன்னாகம் போனான். சந்தைப் பக்கம் வெங்காய லொறிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அச்சகத்தில் எமில்ராஜ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எழுந்தார்.

"வாங்கோ மாஸ்டர். உங்கடை மச்சான் காலமையிலையிருந்து நாலு தரம் போன் எடுத்திட்டார். தேவாரத்துக்குப் பூக்கரை போடட்டாம்."

"போடுங்கோ. அட்டையிலை அமரரும் இருக்கட்டும். கடைசிப் பக்கத்திலை வலைப்பூ முகவரி இருக்கெல்லே, அதை மட்டும் மாத்த வேணும்." ஒரு துண்டை நீட்டினான்.

எமில்ராஜ் வாசித்தார். "சுரேஸ் தம்பிக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"என்னைக் கொல்லப்போறார்."

"கொன்றால் உங்களுக்கும் ஒரு கல்வெட்டு அடிப்பம்."

"எங்கடை வேதக்காற ஆக்களுக்குக் கல்வெட்டுக் கிடையாது மாஸ்டர். ஒரு சின்னப் படமும் பின்னாலை ஒரு செபமும்தான். செலவு குறைவு." சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உந்தப் பாமினியை யூனிகோடாக்கிற வேலை தங்கச்சி காட்டித் தந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்துவைச்சுக்கொண்டுதான் இண்டைக்கும் வேலை செய்யிறன். முந்தநாள் திறக்கிறன், விளக்கெரியுது. கீழை அமரர் எண்டு கிடக்கு. எனக்கே ஒரு மாதிரிப் போச்சு." துண்டை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். "மாத்துறன்."

"இன்னுமொண்டு. இந்தப் பென்டிரைவிலை இருக்கிற நகலை உங்கடை கணினியிலை போட்டு வையுங்கோ. அழிக்காதேங்கோ."

முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் எல்லாம் முடிந்தது. ஐயர் சொன்னதைச் சொன்னான், சாம்பலைக் கொட்டச் சொன்ன இடத்தில் கொட்டினான், முழுகினான். வீட்டில் பந்தலுக்குக் கீழே இருநூறு பேர் சாப்பிட்டார்கள். கை கழுவி வந்தவர்களுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். சுரேஸ் ஒன்றை எடுத்துப் பூக்கரையைத் தடவிப் பார்த்தான். கடைசிப் பக்கத்துக்குப் போனான். நெற்றி சுருங்கியது. போனை எடுத்து அந்த முகவரியைத் தட்டினான்.

விளக்கு இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேலை பாத்திருக்கிறீர்?" நேரே மயூரதனிடம் வந்தான். போனை முகத்துக்கு நேரே பிடித்தான். "உயிரோடை இருக்கிற ஆள் மாதிரிப் பேரைப் போட்டு வைச்சிருக்கிறீர். சனம் என்ன நினைக்கும்? உமக்கு விசர் எண்டு நினைக்கும்."

"அவள் அதை எழுதேக்கை உயிரோடைதான் இருந்தவள்!"

மயூரதனின் குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் கரண்டியோடு நின்றான்.

"நான் இப்பவே பழையதை அழிக்கிறன், பாரும்."

"அழியுங்கோ."

சுரேஸ் அதை எதிர்பார்க்கவில்லை. கெஞ்சல் வருமென்றுதான் நினைத்திருந்தான்.

"மூண்டு இடத்திலை வைச்சிருக்கிறன். ஒண்டு மடிக்கணினியிலை. ஒண்டு எமில் அண்ணையிட்டை. ஒண்டு இஞ்சை." வேட்டி மடிப்பில் செருகியிருந்த பென்டிரைவைத் தட்டிக் காட்டினான். "ஏழாம் பதிவிலை அப்பிடித்தான் எழுதியிருக்கிறாள். உங்கடை தங்கச்சி எழுதினது. நீங்கள் குடுத்த பரிசிலை. நான் வாசிக்கேல்லைதான். நீங்கள் வாசிச்சனீங்களோ? அழிக்கிறதுக்கு முதல் ஒண்டையாவது?"

மாமி குணலட்சுமி இருவருக்கும் இடையில் வந்தார். "ரெண்டு பேரும் சத்தத்தைக் குறையுங்கோ. ஐயர் இன்னும் வெளிக்கிடேல்லை."

சுரேஸ் போனைக் காற்சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்து, தவறவிட்டு, குனிந்து எடுத்தான். நிமிர்ந்தபோது முகம் கோணியிருந்தது. மயூரதன் பார்த்தான். இரக்கம் வரவில்லை. பிறகு வரலாம்.

சனம் கலைந்த பிறகு, வேட்டியைக்கூட மாற்றாமல் அறைக்குள் மடிக்கணினியைத் திறந்தான். றொசாந்தியின் கேள்விக்குப் போனான். கீழே, நாளைக்குக் கட்டாயம் சொல்லுறன். பிரியந்தினி.

அவன் தனக்கென்று ஒரு கணக்குத் திறந்தான். காட்ட வேண்டிய பெயர்? மயூரதன் என்று போட்டான்.

'படத்தைச் சின்னதாக்கும் வழி பன்னிரண்டாம் பதிவில் இருக்கிறது. செய்து பார்த்தேன். சரிவருகிறது. பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும்.'

பிறகு ஐந்தாம் பதிவுக்குப் போனான். சிரிப்புப் பொம்மைக்குக் கீழே இரண்டு முறை எழுதி அழித்தான். நகம் பிளந்த விரல் விண்விண்ணென்று வலித்தது. கடைசியில் எழுதினான்.

'எண்பத்து நான்கையும் வாசித்துவிட்டேன். பத்தொன்பதாம் பதிவில் ஓர் இணைப்பு வேலை செய்யவில்லை. திருத்தியிருக்கிறேன்.'