மடுவத்து வரிசை

...அப்படியானால் எதைத்தான் பின்னுக்குத் தள்ளுவது, டேட்டாபேஸையா, மேனேஜரின் ரிப்போர்ட்டையா, பிரியந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஹட்டன் அலுவலகத்துக்கு வெளியே மழை கொட்டியது, தேயிலைத் தோட்டத்திலும் இதே மழைதான், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அக்கா நாகலெட்சுமி நனைந்துகொண்டு நிற்கிறாள், இப்போதுதான் போன் போட்டாள், "பிரியா, தராசுல வச்சா சிலிப்பு வரவே மாட்டேங்குதுடி, வரிசை அப்படியே நிக்குது, புள்ளக்காம்பராவுல பாப்பா பாலுக்கு அழுவுதாம், ஆயாம்மா ஆள் அனுப்பிட்டாங்க." வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் காம்பரா அது, அக்காவின் பாப்பாவுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை, புட்டிப்பால் கொடுத்தால் துப்பிவிடும், பாவம் என்ன செய்யும்... தராசின் நிறை இந்த சர்வரின் டேட்டாபேஸில் வந்து பதிந்து, பதில் போனால்தான் அங்கே நிறை அச்சடித்த சிலிப்பு வரும். இது டேட்டாபேஸுக்கு மட்டுமான சர்வர், வேறெதையும் இதில் ஓட்டாதீர்கள் என்று கொழும்பிலிருந்து வந்து இதைப் பொருத்திப் பூட்டியவர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள், யார் கேட்டது? மேனேஜர் தன் ரிப்போர்ட்டை இதிலேயே ஏற்றச் சொன்னார், அது ஆமையாக நகர்கிறதென்று காலையில் அதன் முன்னுரிமையையும் கூட்டச் சொன்னார், கூட்டியது யார், இவள்தான். தலையாட்டினால்தானே வேலை நிரந்தரமாகும்.

டேட்டாபேஸை உச்சத்துக்கு ஏற்றிவிட்டால்... வேண்டாம், அது மெஷின் முழுவதையும் தானே விழுங்கிக்கொள்ளும், மௌஸுக்கும் நெட்வொர்க்குக்கும் மூச்சுவிட இடம் இருக்காது, பிறகு சிலிப்பு எந்த வழியாகப் போகும்? ரிப்போர்ட்டை இறக்குவதுதான் வழி, இறக்கினால் பின்னேரக் கூட்டத்துக்கு அது தயாராகாது, மனுஷன் குதிப்பார், அடுத்த மாதம் இவளை நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர் கையில்... பயமாகத்தான் இருந்தது. அக்காவுக்குப் பால் கட்டி வலித்துக்கொண்டிருக்கும், சட்டை நனைந்தாலும் மழை என்று சொல்லிச் சமாளிப்பாள், வாய்விட்டு எதையும் கேட்கத் தெரியாதவள், அவளே போன் போட்டிருக்கிறாள் என்றால்... ரிப்போர்ட்டின் மேல் மௌஸை வைத்து அழுத்தினாள், முன்னுரிமையை ஆகக் கீழே இறக்கினாள். அவ்வளவுதான், ஒரு நொடி வேலை, இதற்கா இவ்வளவு நேரம் நடுங்கினோம்? உள்ளறையிலிருந்து மேனேஜரின் குரல், "என்ன பிரியந்தி, ரிப்போர்ட் நின்னு போச்சா?" சும்மா இருந்திருக்கலாம், நெட்வொர்க் மேல் பழியைப் போட்டிருக்கலாம், வாய் முந்திக்கொண்டது, "நிக்கல சேர், நான்தான் பின்னுக்குப் போட்டேன், மடுவத்துல ஆளுங்க மழையில நிக்கிறாங்க." உள்ளே கதிரையைத் தள்ளிவிட்டு அவர் எழும் சத்தம். வரட்டும்.

போன் அடித்தது. "இப்ப சிலிப்பு படபடன்னு வருதுடி," அக்கா சிரிக்கிறாள், எவ்வளவு நாளாயிற்று அவள் இப்படிச் சிரித்து. உன் கொழுந்தை நிறுத்துப் போட்டாச்சா என்று பிரியந்தி கேட்டாள். "எங்கடி, எனக்கு முன்னுக்கு இன்னும் நெறைய பேரு. முந்தியெல்லாம் கணக்கப்பிள்ளை பால் குடுக்கிறவங்கள முன்னுக்கு வாங்கன்னு கூப்பிட்டு அனுப்பிருவாரு. இப்ப மெஷினாச்சே, வந்து கார்டு போட்ட வரிசையிலதான் நிறுக்குமாம், மாத்த முடியாதாம்." அப்படியா... இதை யாரும் இவளிடம் சொல்லவில்லை, இவளும் கேட்டதில்லை, இத்தனைக்கும் அந்த மெஷின் வந்த நாளிலிருந்து இவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் டேட்டாபேஸுக்கு ஒரே ஒரு வரி, மடுவத்தில் நிற்கிற அத்தனை பெண்களும் அந்த ஒரு வரிக்குள்ளேதான், அதை ஏற்றலாம், இறக்கலாம், அதற்குள் கையைவிட்டு, பிள்ளை அழுகிறது, இவளை முதலில் விடு என்று எங்கே சொல்வது... உள்ளறைக் கதவு திறந்தது, பிரியந்தி இன்னும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.