இடது பொத்தான்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. முதல் வரைவில் அந்தப் பொய்யைச் சொன்னவன் பரசுராமன் என்ற மெக்கானிக். ஆரணியில் எனக்கு அப்படி யாரையும் தெரியாது. [பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது.] சொன்னவன் நான்.

2

தொடக்கம் ஒன்று: சென்னையில் நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு வீட்டில் என்ன

வேண்டாம். பரிதாபம் கேட்கிறது.

தொடக்கம் இரண்டு: என் அக்கா உதயா பட்டுச்சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். திரையில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒருமுறை அழுத்தினால் கட்டம் நிறையும். மறுபடி அழுத்தினால் காலியாகும். அவளுடைய மவுஸின் இடது பொத்தான் தேய்ந்து, சில சமயம் ஓர் அழுத்தலை இரண்டாக எடுத்துக்கொண்டது.

நான்தான் பிரித்தேன். பொத்தானுக்கு அடியிலிருந்த சின்ன சுவிட்சைத் திறந்து, உள்ளேயிருந்த செம்புத் தகட்டை ஊசியால் நிமிர்த்தினேன். தகட்டில் விரிசல். பார்த்தேன். மூடினேன்.

"புதுசு மாரி ஆயிடுச்சுக்கா."

"பார்றா! நீகூட உருப்படியா ஒண்ணு பண்ணிட்ட."

(இந்தப் பாராட்டுக்காகத்தான் மறைத்தேன் என்று எழுதி அடித்துவிட்டேன். விரிசலை மறைத்ததற்குக் காரணம் சோம்பல்.)

3

ஒரே ஒரு மயிலை வரைந்து கரை நெடுக நகலெடுப்பது அவள் வழக்கம். மவுஸின் இரட்டை அழுத்தலால் அந்த மயிலில் விட்டுப்போன கட்டங்கள் எல்லா மயிலிலும் விட்டுப்போயின. திரையில் தெரியவில்லை. தறியில் தெரிந்தது.

நெசவாளர் மாணிக்கவேல் சேலையோடு வந்தார். "இன்னாம்மா உதயா, மயிலு கழுத்துல ஓட்ட ஓட்டயா கீது? இழை தொங்கிகினு கீது பாரு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு போச்சான்னு கேக்கறாரு முதலாளி."

அக்கா சேலையை முகத்தருகே கொண்டுபோனாள். "கண்ணுதான்ணே. கொஞ்ச நாளாவே நெனச்சிகினு இருந்தேன்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கதாபாத்திரமாக இருந்தால் இந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பேன்.

4

முடிவு அ: சொல்லிவிடுகிறேன். அவள் மவுஸால் என் மண்டையில் அடிக்கிறாள். எழுதிப் பார்த்தேன். நான் நல்லவனாகிவிடுகிறேன்.

முடிவு ஆ: அவள் கண்ணாடி வாங்கும் நாளில் சத்தமில்லாமல் புது மவுஸை வைத்துவிடுகிறேன். கண்ணாடிதான் காப்பாற்றியது என்று நம்பி, தேவையில்லாத கண்ணாடியைக் காலமெல்லாம் மாட்டிக்கொண்டிருப்பாள். இது நடக்கக்கூடியது. அதனால்தான் பயம்.

5

சற்று முன் அக்கா கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினாள். இனி டிசைன் போட முடியாது என்று முதலாளியிடம் சொல்லக் கிளம்பிவிட்டாள்.

"டேய், கூட வாயேன். ரோட்டத் தாண்ட பயமா கீது."

நேற்றுவரை அந்த ரோட்டைத் தனியாகத் தாண்டியவள். கையை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அவளுக்குத் தெரியாதது இப்போது உங்களுக்கும் தெரியும். சொல்வதாக இருந்தால், ரோடு வருவதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.