அறுபது அடிகளில் கடைசி இரண்டு

1

இந்தக் கதை ஒரு சாவில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன நவம்பரில் எங்கள் பள்ளத்தாக்குத் தேவாலயத்தில், ஆடு வளர்த்த ஒரு மனிதரைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். அத்தனை அழகாகப் பேசினார்கள். அவர் எவ்வளவு நல்லவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று, பெட்டிக்குள் இருந்தவர் ஒருவரைத் தவிர. இதில் ஒரு வார்த்தைகூட அவர் உயிரோடிருந்தபோது அவர் காதில் விழுந்திருக்காது. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எங்கள் வேல்ஸ் நாட்டின் பழைய புலவர்களிடம் இதற்கு ஒரு மருந்து இருந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு புலவன் செத்துப்போவதற்காக இன்னொரு புலவன் காத்திருக்க மாட்டான். உயிரோடு இருக்கும்போதே அவனுக்கு இரங்கற்பா பாடிவிடுவான். செத்ததாகச் சொல்லப்பட்டவன் எதிரே உட்கார்ந்து வாத்துக்கறி தின்றபடி கேட்டுக்கொண்டிருப்பான். பாதி புகழ், பாதி கிண்டல். பிறகு ஒருநாள் அவன் எழுந்து இவனைக் கொன்று பாடுவான். அதுதான் மரியாதை.

(இங்கே ஒரு நீண்ட வரலாற்றுப் பத்தி இருந்தது. எனக்கே தூக்கம் வந்ததால் எடுத்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது." எங்கள் ஊரில் எப்போது பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "இரண்டு அரசர்கள் ஒரே முடிக்கு அடித்துக்கொண்ட அந்தக் கொடிய நாட்களில், வீரம் செறிந்த..." வேண்டாம். என் கதாநாயகன் இத்தெலுக்கு அரசர்களைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது.

மூன்றாவது: ஈஸ்டருக்கு மறுநாள் பிற்பகல், மலைக்கணவாயின் மூடுபனிக்குள் ஒரு மனிதன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்து வருகிறான்.

இது இருக்கட்டும். அவன்தான் இத்தெல். ஐம்பது கடந்த புலவன். பண்டிகைக்குப் பண்டிகை மாளிகை மாளிகையாகப் போய்ப் பாடிச் சாப்பிடுகிறவன். மூன்று கிறிஸ்துமஸுக்கு முன்பு கின்ரிக் பிரபுவின் கூடத்தில் அவன் நண்பன் மெய்ரிக் இவனைக் கொன்று பாடினான். கேட்டுக்கொண்டிருந்த இத்தெல் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நிஜமாகவே செத்துவிடப் பார்த்தான். அன்றிலிருந்து பதில் பாட்டு பாக்கி.

பாட்டில் ஐம்பத்தெட்டு அடிகள் முதல் மாதமே முடிந்துவிட்டன. ஓசிச் சாப்பாட்டை ஒன்பது மைலுக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடிக்கும் மெய்ரிக்கின் மூக்கு, பூசையின் நடுவே அவன் விடும் குறட்டை, நிழல் விழாத அளவுக்கு மெலிந்த அவன் குதிரை, எல்லாம் அதில் இருந்தன. கடைசி இரண்டடிதான் கூடிவரவில்லை.*

* எங்கள் யாப்பு சாமானியமானதல்ல. ஓர் அடியின் முன்பாதியில் எந்த மெய்யெழுத்துகள் எந்த வரிசையில் வந்தனவோ, பின்பாதியிலும் அதே வரிசையில் வர வேண்டும். எதுகை மோனைக்கே திணறுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அந்த இரண்டடியில் கிண்டல் நின்று அன்பு வர வேண்டும் என்பது இத்தெலின் ஆசை. அதை நேராகச் சொல்லிவிட அவனுக்கு வெட்கம். மூன்று வருஷம் தேடி, போன வாரம் ஓடையில் கால் கழுவும்போது இரண்டும் சேர்ந்தே வந்தன. இப்போது பனிக்குள் அவன் அவற்றைச் சொல்லிப் பார்க்கிறான். சொல்லும்போதெல்லாம் பனியில் மெய்ரிக்கின் முகம் தெரிகிறது. வாய் நிறையக் கறியோடு அந்த முகம் மெல்லுவதை நிறுத்துகிறது. இத்தெல் நடக்கிறானா, கனவு காண்கிறானா என்று எனக்கே தெரியவில்லை. வழி அவன் காலுக்குத் தெரியும்.

3

ஈஸ்டர் விருந்தில் மெய்ரிக் இருப்பான் என்ற நினைப்பில், கின்ரிக்கின் கூடத்துக்குள் நுழைந்ததும் அவன் உரக்கச் சொன்னான்: "மெய்ரிக்குக்கு இரங்கற்பா கொண்டாந்திருக்கேன், பிரபு."

கின்ரிக் எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்க இத்தெல். பதினோரு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள பாட்டோட வந்து நிக்கிறீங்க. சேதி அவ்வளவு தூரம் போயிடுச்சா?"

"என்ன பதினோரு நாள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் இத்தெல். கேட்டபிறகுதான் கணப்பின் அருகே கறுப்பு முக்காட்டோடு உட்கார்ந்திருந்த லெய்கியைப் பார்த்தான். மெய்ரிக்கின் மனைவி.

சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்க நேரம் பிடித்தது. யாழ்க்காரர் சுருதி கூட்டத் தொடங்கிவிட்டார். பெஞ்சுகளில் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

4

லெய்கியைப் பற்றி எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. முதல் வரைவில் அவளை அழவைத்தேன். நன்றாக அழுதாள். ஆனால் யாருடைய மனைவியாகவும் இல்லாமல் அழுதாள். மெய்ரிக்கோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். அவளைப் பேசவிட்டேன்.

இத்தெல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"லெய்கி, எனக்கு ஒண்ணுமே தெரியாது. சத்தியமா. இது இவங்க எதிர்பாக்கற துக்கப் பாட்டு இல்ல. இதுல அவன் மூக்கு இருக்கு, குறட்டை இருக்கு. இதை எப்படிம்மா இங்க பாடறது?"

"குதிரை?"

"அதுவும்தான்."

"அதை விட்டிருந்தீங்கன்னா சண்டைக்கு வந்திருப்பார்." அவள் நெருப்பைப் பார்த்தபடியே பேசினாள். "பிப்ரவரியில படுத்தார். தினம் கதவு சத்தம் கேட்டா, இத்தெல் வந்துட்டானான்னு கேப்பார். என்னைக் கொல்லாம அவன் எங்க போயிட்டான், நானே செத்துட்டா அவனுக்கு வேலை மிச்சமாயிடுமேன்னு சிரிப்பார். அப்புறம் இருமல் வந்துடும்."

"ஆள் அனுப்பியிருக்கலாமே?"

"நான் அனுப்பறேன்னேன். வேணாம்னுட்டார். பாட்டு முடியாம வரமாட்டான், அவசரப்படுத்தாதேன்னார்."

இத்தெல் தலையைக் குனிந்துகொண்டான்.

"எவ்வளவு பாக்கி இருந்துச்சு?" என்று கேட்டாள் லெய்கி.

"ரெண்டு அடி."

"அதுக்கு மூணு வருஷமா?"

"அது மட்டும் நல்லா வரணும்னு நெனச்சேன்."

"அந்த ரெண்டு இல்லாமலே வந்திருக்கலாமே இத்தெல். அவருக்கு ஐம்பத்தெட்டே போதுமே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். நானும்தான்.

5

இனி முடிவு.

(அ) அவன் கிண்டல் பாட்டையே பாடுகிறான். கூடம் முதலில் திகைக்கிறது, பிறகு சிரிக்கிறது, பிறகு அழுகிறது. இது ரொம்ப நல்ல பிள்ளையான முடிவு. இதை எழுதி இரண்டு நாள் திருப்தியாக இருந்தேன். மூன்றாம் நாள் வெட்கமாக இருந்தது.

(ஆ) அந்த இடத்திலேயே பாட்டை மாற்றிச் சோகமாகப் பாடுகிறான். நடக்காது. அந்த யாப்பில் ஓர் எழுத்தை உருவினால் அடியே இடிந்துவிடும்.

(இ) எழுந்து வெளியே போகிறான். பனி அவனை மூடிக்கொள்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் லெய்கி பாட்டைக் கேட்கத்தானே உட்கார்ந்திருக்கிறாள்? அவளை விட்டுவிட்டு நான் எப்படி...

(ஈ) ஐம்பத்தெட்டைப் பாடி நிறுத்திவிடுகிறான். அந்த இரண்டடியை எவர் காதிலும் போடுவதில்லை. அவற்றின் சொந்தக்காரனான மெய்ரிக் கேட்பதற்கு இல்லை என்பதால். அல்லது அந்த இரண்டை மட்டும், யாழ் இல்லாமல், லெய்கியின் காதோரமாக...

இந்த (ஈ) எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சரியாக வரவில்லை. ஜனவரியிலிருந்து இந்தப் பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இப்போது ஆகஸ்ட். இந்தக் கதையை நான் யாருக்காக எழுத ஆரம்பித்தேனோ, அந்தத் தோழி டிலிஸ், மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறாள். முப்பது வருஷமாக என் எழுத்தில் ஓட்டை கண்டுபிடித்தவள். போன வாரம் தொலைபேசியில், "கதை என்னாச்சு?" என்றாள். "முடிவு மட்டும் பாக்கி" என்றேன்.

சொன்னதை நானே திரும்ப எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

யாழ் சுருதி சேர்ந்துவிட்டது. இத்தெல் எழுந்து நிற்கிறான், லெய்கி தலையை நிமிர்த்துகிறாள். அவன் என்ன பாடினான் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாகவே முடிப்பீர்கள். மூன்று மணி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. தாள்களை இப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன், அவளிடம் வாசித்துக் காட்ட.